செஞ்சி ராஜாவுக்குப் பினாங்கில் ஒரு குதிரை

விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டைக்கு முன்னால் நின்று என் குதிரைக்காகக் காத்திருந்தேன். சூட்கேஸ்கள் வந்தன. யாரோ கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி மாங்காய் ஊறுகாய் வாசனையோடு வந்தது. என் பொய்க்கால்கள் இரண்டும் கோணிப்பைக்குள் ஜோடியாக வந்து சேர்ந்தன. கடைசியில் ஒரு குழந்தை வண்டி வந்தது. அதோடு பட்டை நின்றுவிட்டது. குதிரை வரவில்லை.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். விழுப்புரத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டி. பேருந்துக் கூரையில் கோழிக்கூடை முதல் கல்யாணச் சீர்வரிசை வரை ஏற்றியிருக்கிறேன். ஒன்றாவது ஊர் மாறி இறங்கியதுண்டா? இத்தனை கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு குதிரையைக் கொண்டுவந்து சேர்க்க வக்கில்லையா என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். என்ன பொருள் தொலைந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஹார்ஸ்" என்றேன். எழுந்து நின்றுவிட்டாள். உயிரோடா என்றாள். "நோ லைஃப். ஒன்லி பாடி" என்றேன். அவள் முகம் இன்னும் வெளுத்துப்போனது. என்னோடு வந்திருந்த அன்வர் குறுக்கே புகுந்து, கடிவாளம் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, அந்த ஹாலின் நடுவில் குதித்துக் காட்டினான். புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுண்டர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெட்டி வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டதாம். தேடித் தருகிறோம் என்று சொல்லி, எங்கள் இருவருக்கும் தன் பையிலிருந்தே தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். திட்டுவதற்கு வாயெடுத்த நான் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

குதிரையோடு கடல் தாண்டக் கிளம்பியதற்குக் காரணம் எங்கள் ஊர் ராஜா தேசிங்கு. அவன் பிறப்பால் தமிழன் கிடையாது. வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். அப்பா டில்லி பாதுஷாவிடம் வேலை பார்த்து செஞ்சிக் கோட்டையைக் கையில் வாங்கியவர். அவர் கண்ணை மூடியதும் கோட்டைக்கு வந்த பிள்ளைக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்ததோ என்னவோ, ஆற்காட்டு நவாப் பாதுஷாவின் பேரைச் சொல்லிக் கப்பம் கேட்டதும் கட்டமாட்டேன் என்றுவிட்டான். நவாப்பின் படை திரண்டு வந்தது. இவனிடம் இருந்ததோ கைப்பிடி அளவு குதிரைவீரர்கள். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் மகபத்கான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டான். ஆற்றில் வெள்ளம். குதிரைகளோடு இறங்கி அக்கரைக்குப் போய் இரண்டு பேரும் செத்தார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை இது.

டிக்கெட் எடுக்கமாட்டேன் என்கிறவனை நான் ஒரு நிறுத்தம்கூட விட்டுவைத்ததில்லை. ஆனால் கப்பம் கட்டமாட்டேன் என்ற இந்த ஒருத்தனுக்காக, திருவிழாவுக்குத் திருவிழா காலில் கட்டையைக் கட்டி, குதிரைக் கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுகிறேன். என் குதிரையின் பேர் பாராசாரி, ராஜாவின் குதிரைக்கு எங்கள் ஊரில் வழங்குகிற பேர். மகபத்கானாக வருபவன் அன்வர். பாட்டும் அவனே. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான்.

வெளியே தொழிற்சாலைச் சீருடையோடு காத்திருந்த தேவகிதான் எங்களை வரவழைத்தவள். புக்கிட் தெங்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வணக்கம் சொல்லும் முன்பே எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"குதிரை எங்கண்ணே?"

நடந்ததைச் சொன்னேன். எங்கள் கோணிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, மொதல்ல சாப்பிடுவோம் லா" என்று எங்களைக் காடியில் ஏற்றினாள். இங்கே காரைக் காடி என்கிறார்கள், பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுகிறார்கள்.

நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடை. நம் ஊரில் சாம்பாரும் மீன் குழம்பும் ஒன்றை ஒன்று தொட்டால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன். இங்கே சோற்றின் மேல் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒரே கரண்டியால் ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றுகிறார்கள். அப்படி வெள்ளமாக ஊற்றச் சொல்வதற்கு ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். அருவருப்போடு ஆரம்பித்து தட்டை வழித்துச் சாப்பிட்டேன். கடைக்கார பாய்க்குப் பூர்வீகம் கடையநல்லூர். அன்வர் மகபத்கானாக ஆடப்போகிறான் என்று கேட்டதும், கல்யாணத்தை விட்டுட்டு வந்தவருக்கு என்று சொல்லி ஒரு பெரிய மீன் தலையைக் கொண்டுவந்து அவன் தட்டில் வைத்தார். எனக்கு வைக்கவில்லை. ராஜா நான், இருந்தும் என்ன.

சாப்பிடும்போதுதான் தேவகி முழுவதையும் சொன்னாள். போனில் இதையெல்லாம் சொல்லியிருக்கவில்லை.

"எனக்கு வயித்துல ஆப்பரேஷன் நடந்துச்சுண்ணே. உள்ள போனவ கண்ணே தொறக்கல. எங்க வீட்டுக்காரரு செல்வம், அவங்க தாத்தா செஞ்சிப் பக்கத்துலேர்ந்து வந்தவரு. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எங்க பட்டர்வொர்த் அம்மனுக்கு வேண்டிக்கிட்டாரு. 'இவ எழுந்துட்டா எங்க ஊரு ராஜா கதைய, குதிரையோட, உன் வாசல்ல ஆடவைக்கிறேன்'னு. நான் எழுந்துட்டேன். அவருக்குத்தான் நேரம் கெடைக்கல. லாரி ஓட்டுறவருக்கு ஏதுண்ணே லீவு? பிறை டவுன்ல லாரிய நிறுத்திட்டு டீ குடிக்க உக்காந்தவரு, அப்படியே போய்ட்டாரு."

வருஷம் திரும்பிவிட்டதாம். இனிக் கோயில் காரியம் செய்யலாம்.

"என் உசுருக்காகச் சொன்ன வாக்குண்ணே. அது முடியாம, சாப்பிடுற சோறு ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குது."

மீன் தலையை நோண்டிக்கொண்டிருந்த அன்வர் கையை எடுத்துவிட்டான்.  வேடிக்கை காட்டப் போகிறோம் என்று நினைத்துப் புறப்பட்டவர்கள் நாங்கள்.

மறுநாள் குதிரைபற்றி எந்தத் தகவலும் இல்லை. கோயிலுக்குப் பேருந்தில் போகலாம் என்றேன், பெரிய தப்பு. இந்த ஊர்ப் பேருந்தில் நடத்துநரே கிடையாது! ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பெட்டி. காசை நாமாகவே அதில் போட வேண்டும். சில்லறை திரும்பாது. யாரும் யாரையும் உள்ளே போ என்று அதட்டவில்லை, யாரும் படியில் தொங்கவில்லை. என் உத்தியோகமே இல்லாத ஒரு வண்டியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னா கண்டக்டரே, விசில் அடிக்கணும்போல இருக்கா?" என்று அன்வர் வெறுப்பேற்றினான். இருந்தது என்பது உண்மை.

கோயில் தலைவர் இரும்புக் கடை முதலாளி. நல்ல மனிதர். எங்களுக்குப் பால் கோப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கையை விரித்தார்.

"குதிரை இல்லாம என்னா ராஜா கதை? ஆடித் திருவிழா, ஜனம் நெறைய வரும். பேசாம ஆர்க்கெஸ்ட்ரா வச்சிருவோம். அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க, தேவகி."

வேலை முடிந்து நேராகக் கோயிலுக்கு வந்திருந்த தேவகி எங்களைத் தன் காடியில் ஏற்றிக்கொண்டாள். திரும்பும்போது பிறை சாலையில் லாரிகளுக்கு நடுவில் காடி மாட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மனுக்கே பிடிக்கலையோ? அதான் குதிரைய நிறுத்திட்டாங்களா?"

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரிந்ததைச் சொன்னேன். செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் குன்றில் பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். தேசிங்கு கும்பிடுகிற சாமி. சண்டைக்குப் போகும் முன் உத்தரவு கேட்டு நின்றானாம். பெருமாள் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றைக்கும் தலை ஒரு பக்கமாகத் திரும்பித்தான் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்றேன்.

"சாமி முகத்தத் திருப்பியும் போனாரா?"

"போனான்மா."

"செத்துட்டாரு."

"செத்துட்டான்." சொன்ன பிறகுதான், இதைப் போய்ச் சொன்னோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆனா போனாருல்ல" என்றாள் தேவகி. முன்னால் லாரி நகர்ந்தது. அடுத்த வளைவில் படகுத்துறைப் பக்கம் திருப்பினாள். "வாங்க. ஜார்ஜ் டவுன்ல ஒருத்திய பாக்கணும்."

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுக்குப் படகு போகிறது. இப்போதெல்லாம் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும், காடி என்றால் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். தேவகி காடியைத் துறையிலேயே நிறுத்திவிட்டாள். கடல் காற்றில் அன்வர் குழந்தை மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நம் ஊரில் இந்த அழகுக்குக் கரும்புச் சாறு, சுண்டல், பலூன் என்று ஒரு கடைவீதியே படகில் ஏறியிருக்கும். இங்கே ஆளுக்கு ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தேவகி கூட்டிப்போன கடை மெய் லிங்குடையது. தேவகியோடு தொழிற்சாலையில் ஒரே வரிசையில் வேலை பார்த்தவள். அப்பா முடியாமல் படுத்ததும் வேலையை விட்டுவிட்டு அவருடைய கடையை எடுத்துக்கொண்டாளாம். உள்ளே நுழைந்ததும் எனக்கு என்ன கடை என்றே பிடிபடவில்லை. மூங்கில் சட்டத்தில் வண்ணக் காகிதம் ஒட்டி மாடி வீடு, டிவி, செருப்பு, செல்போன். செத்தவர்களுக்காக எரிப்பவை. எரித்தால் அங்கே அவர்கள் கைக்குப் போய்ச் சேருமாம். சீனர்களின் ஏழாம் மாதம் அது. செத்தவர்கள் வீட்டுப் பக்கம் வந்துபோகிற மாதம் என்பதால் கடை நிறைய வேலை. காகித ஸ்கூட்டர் ஒன்றின் அருகில் அன்வர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவினான். "வால்வு ட்யூப் வைக்கல பாரு" என்று கவலைப்பட்டான்.

நடுவில் நின்றது ஒரு வெள்ளைக் குதிரை. என் நெஞ்சு உயரம். காகித மயிரைச் சீவிவிட்டதுபோல் அத்தனை நேர்த்தியாக ஒட்டியிருந்தார்கள். கண் இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

தேவகியும் மெய் லிங்கும் மலாயில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். தேவகி இடையிடையே எங்களுக்குச் சொன்னாள்.

"ராஜா கடைசில என்னா ஆவாருன்னு கேக்குறா."

"செத்துப்போவாருன்னு சொல்லு."

"குதிரை?"

"அதுவும்தான்."

மெய் லிங் தலையை ஆட்டினாள். "அப்ப சரியான கடைக்குத்தான் வந்திருக்கீங்க" என்றாளாம்.

அந்தக் குதிரை வேறொருவர் சொல்லிவைத்தது. அவருக்கு வேறு செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஏழாம் மாதத்தில் ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுப்பது என்றால் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறாள் என்று அர்த்தம். ஏன் என்று நான் கேட்கச் சொன்னேன். மெய் லிங் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே பதில் சொன்னாள். இந்தக் கடைக்கு மூங்கிலும் காகிதக் கட்டும் கொண்டுவந்து இறக்கியவர் செல்வம். வேறு லாரிக்காரர்கள் கடை வாசலில் போட்டுவிட்டு, சாவுக் கடை என்று உள்ளே வரமாட்டார்களாம். செல்வம் மட்டும் உள்ளே கொண்டுவந்து அடுக்கிவிட்டு, அவள் அப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவாராம். தேவகிக்கே இது புதுச் செய்தி. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குதிரை முதுகில் நான் நுழைய ஓட்டை போட வேண்டும். மெய் லிங் என் இடுப்பை அளந்தாள், குதிரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். தேவகி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். அன்வர் மொழி தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த நாள் தேவகி குடியிருக்கும் பிறை அடுக்குமாடிக்குக் கீழே ஒத்திகை. மேளத்துக்கு உள்ளூர் உறுமிக் குழு. உறுமியை இந்த ஊர்ப் பிள்ளைகள் அடிக்கிற அடியில் எனக்குப் புல்லரித்தது, ஆனால் குதிரை நடைக்கு அந்த வேகம் ஆகாது. "தம்பி, இது ஆட்டக் குதிரைப்பா, ரேஸ் குதிரை இல்ல" என்று அன்வர் தொடையில் தட்டித் தட்டிக் காட்டினான். பிடித்துக்கொண்டார்கள். ராஜா செத்த பிறகு ராணி தீயில் இறங்குகிற கட்டம் வரும். அதை அன்வர் பாடத் தொடங்கியதும் தேவகி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது வேணாம்ணே."

"கதையிலேயே இருக்குதேம்மா" என்றேன்.

"இருக்கட்டும். நான் பொழைக்கணும்னு ஒரு மனுஷன் வச்ச வேண்டுதல்ல, புருஷன் போனதுக்காக ஒரு பொண்டாட்டி தீயில விழணுமா? நான் இருக்கேன்ல. இருக்கத்தான அவரு வேண்டிக்கிட்டாரு."

எத்தனையோ ஊரில், எத்தனையோ பெண்கள் முன்னால் அந்தக் கட்டத்தை ஆடியிருக்கிறோம். கண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறார்கள், கைதட்டியிருக்கிறார்கள். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம். ஊர் திரும்பிய பிறகும் திரும்பச் சேர்க்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் குதிரையைக் கொண்டுவரப் போனோம். காடியில் நுழையாது. திறந்த வண்டியில் ஏற்றினால் பாலத்துக் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விடும். கையில் தூக்கிக்கொண்டு படகில் ஏறினோம், மெய் லிங்கும் கூடவே வந்தாள். ஒரு சீன அம்மாள் குதிரையைப் பார்த்ததும் சாவுச் சாமான் என்று முணுமுணுத்து எட்டப் போய் உட்கார்ந்தாள். படகு நடுக்கடலுக்கு வந்ததும் காற்று குதிரையின் வயிற்றுக்குள் புகுந்துகொண்டது. தூக்கியது பாருங்கள்! நான் கழுத்தைக் கட்டிப்பிடித்தேன். அன்வர் வாலைப் பிடித்தான். ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு மலாய் ஆள் போனைப் பையில் போட்டுவிட்டு ஓடிவந்து முன்னங்காலைப் பிடித்தார். வங்காளதேசத்துத் தொழிலாளிகள் சிலர் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டப் போன அந்த அம்மாளே கடைசியில் எழுந்து வந்து, தன் குடையை மடக்காமல் காற்று வரும் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் குதிரை, எதற்குக் குதிரை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் என் ஆயுசு முழுக்க நன்றி.

கோயில் வாசலில் தலைவர் மறித்தார். கோபம் இல்லை, பயம்.

"சாவுக்கு எரிக்கிற சாமான் இது. அம்மன் சந்நிதிக்கு எப்படி லா கொண்டு வர்றது? ஜனம் என்னைய சும்மா விடுமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மெய் லிங் முன்னால் வந்தாள். தேவகி தமிழில் சொன்னாள்.

"கண்ணு வைக்கலன்னு சொல்றா. கடைசியா கண்ணு வச்சாத்தான் அது செத்தவங்ககிட்ட போற குதிரையாம். அது வரைக்கும் வெறும் காயிதம், மூங்கில். வேற ஒண்ணும் இல்ல."

தலைவர் குதிரையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். வெறும் வெள்ளைக் காகிதம். 

"நம்ம சாமிக்கும் கண்ணு தொறக்குற வரைக்கும் அது கல்லுதான்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல். "சரி. கண்ணு வேணாம். உள்ள வேணாம். வாசலுக்கு வெளியில ஆடிக்குங்க."

நான் விடவில்லை. "குருட்டுக் குதிரையில ராஜா சண்டைக்குப் போறதாங்க? அதுவும் தெருவுல?"

தேவகி என் கையைப் பிடித்தாள். "அண்ணே, எங்க வீட்டுக்காரரு வாசல்லன்னுதான் வேண்டிக்கிட்டாரு."

அதற்குமேல் ராஜா பேச என்ன இருக்கிறது.

திருவிழா அன்று சாயங்காலம், தேர் கிளம்புவதற்கு முன்னால் ஆடினோம். பாராசாரி என் ஊரில் தோளை அழுத்துகிற கனம். இந்தக் காகிதக் குதிரையோ சட்டை மாட்டியதுபோல் இருந்தது. பொய்க்காலை ஊன்றித் துள்ளினால் குதிரை எனக்கு முன்னால் துள்ளியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. கப்பம் கேட்டு வந்த தூதனை விரட்டிய கட்டத்தில் தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்த ஒரு பெண்கள் கூட்டம் விசிலே அடித்தது. மகபத்கான் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்த இடத்தில், எனக்கு மீன் தலை வைக்காத அந்தக் கடைக்கார பாய் முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்தார்.

ஆற்றில் இறங்கும் கட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது.

சும்மா தூறல் இல்லை. பினாங்கு மழை எப்படி என்று கேள்விப்பட்டிருந்தேன், தலையில் விழுந்தபோதுதான் தெரிந்தது. குதிரையின் முதுகுக் காகிதம் ஊறி என் மடியில் வழிந்தது. சேணத்தின் சிவப்பு கரைந்து என் வேட்டி முழுக்க ஓடியது. அன்வர் பாட்டை நிறுத்தாமலே கண்ணால் கேட்டான், முடித்துக்கொள்வோமா என்று. நான் கூட்டத்தைப் பார்த்தேன். பந்தலுக்குள் ஓடியவர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகி மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. புடவை ஒட்டிப்போய், கை கூப்பியபடி, கண்ணை என்மேலிருந்து எடுக்காமல் நின்றாள். நான் ஆற்றில் இறங்கினேன். தலைவரே ஒரு பெரிய குடையோடு ஓடிவந்து அன்வர் கையிலிருந்த மைக்குக்குப் பிடித்துக்கொண்டார். உறுமிக் குழு நனைந்துகொண்டே அடித்தது. அக்கரையில் நவாப் படையோடு நான் மோதி விழுந்தபோது என் இடுப்பைச் சுற்றி மூங்கில் சட்டமும் கந்தல் காகிதமும்தான் இருந்தன. இத்தனை வருஷம் ஆடியதில் என்றைக்குமே நான் அப்படி விழுந்ததில்லை.

எழுந்ததும் தேவகி ஓடிவந்து என் காலைத் தொட்டுவிட்டாள். பதறிப்போய்த் தூக்கினேன். "முடிஞ்சிருச்சுண்ணே, முடிஞ்சிருச்சு" என்று அழுதாள். அழுதுகொண்டே, பசிக்கிறது என்றாள். அன்னதானத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு, இதற்காகத்தான் வந்தோம் என்று நிறைவாக இருந்தது.

காரியம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். மெய் லிங் அப்படி நினைக்கவில்லை. மூங்கில் கூட்டைப் படகில் தானே தூக்கிக்கொண்டு போயிருந்தாள். கிளம்புகிற நாள் காலையில், குதிரையை அனுப்ப வேண்டும், எல்லோரும் வாருங்கள் என்று தேவகிக்கு போன் செய்தாள். இதற்கிடையில் விமான நிலையத்திலிருந்தும் அழைத்தார்கள். பாராசாரி ஏதேதோ ஊரைச் சுற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட்டதாம். என்னைவிட அதிக ஊர் பார்த்துவிட்டது.

கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் குதிரை நின்றது. கிழிந்ததை அனுப்பக் கூடாது என்று புதுக் காகிதம் ஒட்டி, முதுகு ஓட்டையையும் அடைத்து, புதுச் சேணம் வைத்திருந்தாள். கையில் தூரிகை எடுத்து, ஏதோ முணுமுணுத்து, இரண்டு கண்களையும் வைத்தாள். அதுவரை வெறும் காகிதமாக இருந்தது என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டேன்.

பிறகு ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு மெய் லிங் கேட்டாள். யாருக்கு? எந்த ஊர்? அனுப்புவது யார்? எழுதாவிட்டால் வழியில் யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்களாம்.

எல்லோரும் தேவகியைப் பார்த்தோம். செல்வத்துக்குத்தான் போகும் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

"ராஜாவுக்கு" என்றாள் தேவகி. "அவரு குதிரையும் அன்னைக்கே செத்துப்போச்சுல்ல. பாவம், நடந்துதான திரிவாரு."

அன்வர் பேரையும் ஊரையும் சொல்லச் சொல்ல மெய் லிங் தன் எழுத்தில் எழுதினாள். தேசிங்கு. செஞ்சிக் கோட்டை. எங்கள் ஊரில் அவன் பேரில் சத்தியம் செய்கிறோம், அவன் வேஷம் கட்டிப் பேர் வாங்குகிறோம். அவனுக்கு என்று எதையும் நாங்கள் கொடுத்ததில்லை. 

"அனுப்புறது செல்வம்னு எழுதச் சொல்லியிருக்கேன்" என்றாள் தேவகி. "வாக்கு அவருதுதானே."

மெய் லிங்கின் பேனா நின்றது. அனுப்புகிறவர் உயிரோடு இருக்க வேண்டும், செத்தவர் அனுப்ப முடியாது, அப்படி வழக்கமே கிடையாது என்றாள். தேவகி அசையவில்லை.  கொஞ்ச நேரத்தில் மெய் லிங்கின் முகம் மாறியது. எழுதி முடித்து, காகிதத்தைக் குதிரையின் கழுத்தில் ஒட்டிவிட்டு, தீக்குச்சியைத் தேவகி கையில் கொடுத்து ஏதோ சொன்னாள்.

தேவகி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் கேட்டிராத சிரிப்பு. தீக்குச்சியை இரண்டு முறை உரசியும் சிரிப்பில் பற்றவில்லை.

"என்னம்மா சொன்னா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் அங்கதான இருக்காங்க, அவரே கையில கொண்டுபோய்க் குடுத்துடுவாருங்குறா. செல்வம் ஒரு நாளும் சாமான வாசல்ல போட்டுட்டுப் போனதில்லையாம்."